கப்பலில் நிம்மதியாகத் தூங்க: குறைந்த செலவில் சத்தமில்லாத கேபின் பிடிப்பது எப்படி?

ரயிலில் டிக்கெட் போடும்போது கழிவறைக்குப் பக்கத்து பெர்த் வந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறோம். பஸ்ஸில் கடைசி வரிசை சீட்டைத் தவிர்க்கிறோம். கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டுக்கு மேலே அறை கொடுத்தால், விடிகாலை மூன்று மணிக்கே பாத்திரச் சத்தத்தில் எழுந்துகொள்ள வேண்டியதுதான் என்று தெரியும். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, போய்ப் போய்ப் பழகியது. சுற்றுலாக் கப்பல் விஷயத்தில் அந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் வரவில்லை. அதனால் கப்பல் எது, எத்தனை ராத்திரி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கேபினை மட்டும் ஏஜென்ட் கையில் விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் விட்டேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் நாலு ராத்திரிப் பயணம், அப்பா அம்மாவோடு. மேல் தளத்தில் பால்கனி அறை. காசு கூட, அதனால் அறையும் நன்றாக இருக்கும் என்று நம்பினேன். முதல் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு, தலைக்கு மேலே 'சர்ர்ர்' என்று ஒரு இழுப்பு. கொஞ்சம் நின்று இன்னொன்று. அப்புறம் வரிசையாக. அப்பா எழுந்து சோபாவில் உட்கார்ந்து, "மேல யாருடா கட்டில இழுக்கறாங்க?" என்று கேட்டார். கட்டில் இல்லை. எங்கள் அறைக்கு நேர் மேலே நீச்சல் குளம். ராத்திரி கலைந்து கிடந்த சாய்வு நாற்காலிகளை ஊழியர்கள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் தரையைக் கழுவும் மெஷின். நாலு நாளும் இதே கதை. அப்பா பகலெல்லாம் தூங்கி வழிந்தார், பினாங்கில் இறங்கவே இல்லை.

அடுத்த முறை, ஜன்னலே இல்லாத மலிவான அறை. ஆனால் இடத்தை நானே பார்த்து எடுத்தேன். காலை எட்டரைக்கு நான்தான் போய்க் கதவைத் தட்டி அப்பாவை எழுப்பினேன்.

அந்த இரண்டு பயணத்திலும் எனக்குப் புரிந்தது இதுதான். கப்பலில் கேபினின் விலையை ஜன்னலும் பால்கனியும் அறையின் அளவும் தீர்மானிக்கின்றன. அமைதியைத் தீர்மானிப்பது அது இருக்கும் இடம். இரண்டும் வேறு வேறு கணக்கு என்பதால்தான், காசு குறைவாகவும் சத்தம் குறைவாகவும் ஒரே அறையில் கிடைக்க வழி இருக்கிறது.

முதல் வேலை: டெக் பிளான்

ஒவ்வொரு கப்பலுக்கும் தளம் தளமாக வரைந்த படம் உண்டு. டெக் பிளான் என்பார்கள். கம்பெனியின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கப்பலின் பெயர் சரிதானா என்று பாருங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு கப்பல்கள் வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே மாறியிருக்கும். பழுதுபார்க்கப் போய்வந்த பிறகு உணவகம் இருந்த இடத்தில் விளையாட்டுக் கூடம் வந்திருக்கலாம். அதனால் உங்கள் பயணத் தேதிக்கு உரிய படத்தையே எடுங்கள்.

படத்தில் மூன்று தளங்கள் வேண்டும்: உங்கள் தளம், அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. போன் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால் குழம்பிவிடும். நான் மூன்றையும் ஒரே அளவில் தாளில் பிரிண்ட் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். லிஃப்டும் மாடிப்படியும் எல்லாத் தளத்திலும் நேர்மேலேதான் இருக்கும். அந்தக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும். உங்கள் கேபின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கு மேல்தாளில் என்ன இருக்கிறது, கீழ்த்தாளில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கட்டும்

மேல் தளத்திலும் கேபின், கீழ்த் தளத்திலும் கேபின், நடுவில் நம் கேபின். இட்லித் தட்டு அடுக்குபோல. மேலே இருப்பவரும் ராத்திரி தூங்குவார், கீழே இருப்பவரும் தூங்குவார். கப்பலில் கிடைக்கிற பெரிய நிம்மதி அது.

சிங்கப்பூருக்கு வந்துபோயிருக்கும் ராயல் கரீபியன் கம்பெனியின் குவாண்டம் வகைக் கப்பல்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் குளமும் பஃபே உணவகமும் 14-ஆவது டெக்கில். அப்படியென்றால் 13-இல் இருக்கும் அறைகளுக்குத் தலைக்கு மேலே நாற்காலி இழுப்பு. கீழே கடைகளும் சாப்பாட்டு இடங்களும் நிறைந்த தளங்கள் முடிகிற இடத்தில் 6-ஆவது டெக் கேபின்கள் தொடங்குகின்றன. பாட்டுச் சத்தம் கீழிருந்து ஏறி வரும் வாய்ப்பு அங்கே உண்டு. 8 முதல் 11 வரை எடுத்தால் மேலும் கீழும் பெரும்பாலும் அறைகளே. வேறு கப்பல் என்றால் எண்கள் மாறும், பார்க்கும் முறை இதேதான்.

மேலே இருக்கக் கூடாதவை எவை என்றால், நீச்சல் குளம், பஃபே உணவகம், அதன் சமையலறை, ஜிம், ஓட்டப் பாதை, கூடைப்பந்து ஆடும் இடம், குழந்தைகள் கூடம். சமையலறையில் தள்ளுவண்டி ராத்திரி முழுக்க ஓடும். இரும்புத் தரையில் சக்கரம் உருளும் சத்தம் கீழே கேட்கும். ஜிம்மில் ஒருவர் டம்ப்பெல்லைக் கீழே போட்டால் அந்த இடி நேராகக் கட்டிலுக்கு வரும். கீழே இருக்கக் கூடாதவை நாடக அரங்கம், டிஸ்கோ, இசைக்குழு வாசிக்கும் பார். அரங்கத்தில் இரண்டாவது காட்சி முடிய ராத்திரி பத்தரை, பதினொன்று ஆகும். அதோடு அது ஓய்ந்துவிடும். டிஸ்கோ அப்படி இல்லை. பாட்டு காதில் விழாவிட்டாலும் தாளத்தின் அதிர்வு மெத்தைக்கு வந்துவிடும், விடிய விடிய.

படத்தில் சில இடங்கள் எதுவும் எழுதாமல் வெறும் வெள்ளையாக இருக்கும். காலி இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊழியர்கள் புழங்கும் இடம், சாமான் அறை, மெஷின் அறை, லாண்டரி என ஏதாவது அங்கே இருக்கும். வெள்ளைக்கு மேலேயோ கீழேயோ ஒட்டியோ இருக்கும் அறையை நான் எடுப்பதில்லை.

பக்கத்தில் என்ன?

கேபின்களுக்கு நடுவே சிறு முக்கோணமோ அம்புக்குறியோ போட்டிருந்தால், இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது என்று அர்த்தம். குறி கப்பலுக்குக் கப்பல் மாறும். படத்தின் ஓரத்தில் விளக்கம் இருக்கும். குடும்பமாக இரண்டு அறை எடுப்பவர்களுக்கு இந்தக் கதவு வரப்பிரசாதம். மற்றவர்களுக்குத் தலைவலி. பூட்டித்தான் இருக்கும், ஆனால் கதவு என்பது சுவர் ஆகாது. பக்கத்து அறை டிவி, தும்மல், போன் பேச்சு எல்லாம் இடுக்கு வழியே வரும். தெரியாதவர்கள் பக்கத்தில் வரப்போகிறார்கள் என்றால் நடுக்கதவு இல்லாத அறையாகக் கேளுங்கள். சத்தத்தைக் குறைக்க ஒரு பைசா செலவில்லாத வழி இது.

லிஃப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் கூட வந்தால் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று நினைப்போம். நியாயம்தான். உதாரணத்துக்கு கெண்டிங் ட்ரீம் கப்பலின் நீளம் 335 மீட்டர், ஏறக்குறைய 15 ரயில் பெட்டியை வரிசையாக நிறுத்திய நீளம். மூட்டுவலி உள்ளவரால் அந்த நடையைத் தினம் நாலு தடவை நடக்க முடியாது. ஆனால் லிஃப்டுக்கு எதிரிலேயே அறை எடுத்தால் ராத்திரி ஒரு மணிக்குக்கூடக் கும்பல் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கும். லிஃப்ட் கூடத்திலிருந்து திரும்பி, வராந்தாவில் ஐந்தாறு கதவு தள்ளி எடுங்கள். நடையும் குறைவு, பேச்சும் எட்டாது.

அறையைச் சுத்தம் செய்யும் ஊழியர்களான ஸ்டீவர்டுகள் துண்டும் படுக்கை விரிப்பும் வைக்கும் சிறு அறை வராந்தாவில் அங்கங்கே இருக்கும். அதன் கதவு காலை ஏழு மணியிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். பயணிகளே துணி துவைத்துக்கொள்ளும் அறை உள்ள கப்பல் என்றால் அதற்கும் பக்கத்தில் வேண்டாம்.

முன்னாலா, நடுவிலா, பின்னாலா?

நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பக்கம் அலையில் ஏறி இறங்கும். பின்பக்கமும் அதே. பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் இரண்டு முனை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு அசைவது குறைவு. உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். பெரிய கப்பல்களில் தண்ணீருக்கடியில் இறக்கை போல நீட்டிக்கொள்ளும் பட்டைகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்பின் ஏறி இறங்குவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. வாந்தி, தலைசுற்றல் பயம் உள்ளவர்களுக்குக் கீழ்த் தளம், நடுப்பகுதி. நல்லவேளையாக, மலிவான அறைகள் அங்கே நிறைய இருக்கும்.

சத்தக் கணக்கில் முன்பக்கக் கீழ்த் தளங்களுக்கு இன்னொரு தொந்தரவு. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த, மூக்கின் அடியில் குறுக்காக விசிறிகள் இருக்கின்றன. பெரும்பாலும் விடிகாலையில்தான் கரைக்கு வருவார்கள். அந்த விசிறி ஓடும்போது முன்பக்கக் கீழ் அறைகளில் கட்டிலே நடுங்கும். புக்கெட்டில் படோங் கடற்கரைக்கு எதிரே போல, கரைக்கு வராமல் நங்கூரம் போடும் இடங்களில் சங்கிலி இறங்கும் சத்தமும் சேரும்.

பின்பக்கத்தில், கப்பலைத் தள்ளும் ப்ரொப்பல்லரின் அதிர்வு. இது கப்பலின் வயதைப் பொறுத்தது. புதிய பெரிய கப்பல்கள் பலவற்றில் மோட்டாரும் ப்ரொப்பல்லரும் கப்பலுக்கு வெளியே ஒரே கூட்டில் தொங்கும். 1998-இல் 'எலேஷன்' என்ற கப்பலில்தான் சுற்றுலாக் கப்பல்களுக்கு இது முதலில் வந்தது. பழைய கப்பல்களில் உள்ளே எஞ்சின், அங்கிருந்து நீளமான தண்டு, அதன் முனையில் ப்ரொப்பல்லர். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிய கார்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' 1990-இல் கட்டப்பட்டது. அந்த வயதுக் கப்பல் என்றால் பின்பக்கக் கீழ்த் தளத்தைத் தவிர்த்து நடுவுக்கு வந்துவிடுங்கள்.

பருவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியத் தீபகற்பத்துக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடப்பதால் பெரும்பாலும் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் புக்கெட் பக்கம் அலை கூடும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்சீனக் கடலில் ஆட்டம். வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பது நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் போவதானால் நடுப்பகுதி கட்டாயம்.

எந்த வகை அறை?

ஜன்னல் இல்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, அதற்கு மேல் சூட் என்னும் பெரிய அறை. விலையும் இதே வரிசையில் ஏறும்.

சத்தம் குறைவும் செலவு குறைவும் ஒன்றாக வேண்டும் என்றால், என் கட்சி உள் அறைதான். வெளிச்சம் துளியும் வராது. விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டுக்கும் நடுராத்திரிதான். பக்கத்து பால்கனி அரட்டையோ சிகரெட் புகையோ வராது. மூச்சு முட்டுமோ என்று பயப்படுவார்கள். குளிர்க்காற்று எப்போதும் வந்துகொண்டிருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மூடிய இடத்தில் உண்மையாகவே பதற்றம் வரும் என்றால் காசு பார்க்காமல் ஜன்னல் எடுத்துவிடுங்கள். உள் அறைக்காரர்கள் செய்யும் ஒரு உபாயம்: பல கப்பல்களில் முன்பக்கக் கேமரா படம் டிவியில் ஒரு சேனலாக வரும். அதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டால் ராத்திரி சின்ன விளக்குபோல் இருக்கும், விடிந்ததும் திரை தானாக வெளுக்கும். குவாண்டம் வகைக் கப்பல்களின் உள் அறைகளில் சுவர் உயரத்துக்கே ஒரு திரை வைத்துக் கடலைக் காட்டுகிறார்கள். தூங்கும்போது அணைத்துக்கொள்ளலாம்.

ஜன்னல் அறையில் மலிவு வேண்டுமென்றால், உயிர்காப்புப் படகு மறைக்கும் அறைகளைப் பாருங்கள். வெளிச்சம் வரும், காட்சி பாதி இருக்கும், விலை இறங்கும். ஒரு எச்சரிக்கை: கரைக்குப் போகக் கப்பலின் சொந்தப் படகுகளை இறக்கும் நாளில் மோட்டார் சத்தம் காதோரம் கேட்கும்.

சில கப்பல்களில் உள்ளே இருக்கும் கடைவீதியைப் பார்த்த ஜன்னலோடு அறைகள் உண்டு. பார்க்க அழகு. ஊர்வலமும் பாட்டும் அந்த வீதியில்தான் நடக்கும். தூக்கத்துக்கு ஏற்ற அறை அது இல்லை.

கேரண்டி அறை: எடுக்கலாமா?

ஒவ்வொரு வகையிலும் மிகக் குறைந்த விலையில் ஒன்று காட்டும். வகை மட்டும் உறுதி, எந்த அறை என்று பிறகு கம்பெனியே முடிவு செய்யும். இதுதான் கேரண்டி. டிஸ்கோவுக்கு மேலே வந்தாலும் மாற்றித்தரச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. எங்கே படுத்தாலும் தூங்கிவிடும் இளைஞர்கள் தாராளமாக எடுக்கலாம். தூக்கம் லேசானவர்கள், பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் எடுக்க வேண்டாம். என் கணக்கு இப்படி: பால்கனி கேரண்டிக்குக் கொடுக்கும் காசைவிட, நாமே எண் பார்த்து எடுக்கும் உள் அறைக்குக் குறைவாகத்தான் ஆகும். உள் அறை கேரண்டியோடு ஒப்பிட்டால், அதிகப்படியாகத் தருவது எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சின்னத் தொகை மட்டும்.

புக் செய்த பிறகு "குறைந்த தொகைக்கு மேல் வகைக்கு மாறுகிறீர்களா?" என்று மெயில் வரும். அதுவும் இதே கதைதான். எந்த அறை என்று சொல்லாமல் மாற்றினால், நீங்கள் ஜன்னலில் தாள் பிடித்துப் பார்த்த உழைப்பு வீண். இலவசமாகவே மாற்றுவதும் உண்டு. "இந்த அறைதான் வேண்டும், அப்கிரேடு வேண்டாம்" என்று புக்கிங்கில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கு

விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு எவ்வளவு என்பது. துறைமுகக் கட்டணமும் வரியும் பல சமயம் தனி. ஊழியர்களுக்கான தினசரி சேவைத் தொகையும் பல கம்பெனிகளில் தனி. அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை. நாலு பேர், நாலு ராத்திரி என்று பெருக்கிப் பாருங்கள், சின்னத் தொகை இல்லை. எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுத்தான் இரண்டு கப்பலை ஒப்பிட வேண்டும்.

தனியாகப் போகிறவரிடம் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம் வாங்குவார்கள். நார்வீஜியன் எபிக் கப்பல் 2010-இல் வந்தபோது ஒருவருக்கென்றே சின்ன அறைகளை அமைத்தது. அப்படிப்பட்ட அறை உள்ள கப்பலா என்று தேடிப் பாருங்கள்.

தேதி மாறினால் விலை நன்றாக இறங்கும். சிங்கப்பூரில் ஜூன் மாதமும், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடியவும் பள்ளி விடுமுறை. கப்பல் விலையும் உச்சம், வராந்தாவில் குழந்தைகள் ஓட்டமும் உச்சம். நடு வாரத்தில் கிளம்பும் பயணம் காசுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

ஏஜென்ட்டிடம் எப்படிக் கேட்பது?

"நல்ல ரூமா போட்டுக் கொடுங்க சார்" என்றால் அவருக்குத் தெரிந்த நல்ல ரூம் பால்கனிதான். அதனால் நேராகக் கேளுங்கள்: "சார், பணம் கட்டறதுக்கு முன்னாடி கேபின் நம்பர் சொல்லுங்க. மேலயும் கீழயும் கேபின் இருக்கற டெக்கா வேணும். நடுக்கதவு இல்லாத ரூமா பாருங்க. கேரண்டி வேண்டாம்." மூன்று எண் கேட்டு வாங்கி, வீட்டில் படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள். பல ஏஜென்ட்கள் ஒரு நாள் பிடித்து வைப்பார்கள். அவசரப்படுத்தினால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள். சீக்கிரம் புக் செய்கிறவர்களுக்குத்தான் நடுப்பகுதி உள் அறைகள் கிடைக்கும்.

ஏறிய அன்றைக்கு

எவ்வளவு பார்த்து எடுத்தாலும் அறைக்குள்ளேயே சில சத்தம் இருக்கும். கப்பல் லேசாக ஆடும்போது அலமாரியில் காலி ஹேங்கர்கள் 'டிக் டிக்' என்று மோதிக்கொள்ளும். அவற்றை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுங்கள், அல்லது நடுவில் துண்டைச் செருகுங்கள். சுவர்ப் பலகை முனகினால், எந்த இடம் என்று கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் நின்றால் அதுதான் இடம். காகிதத்தை நாலாக மடித்து அந்த இடுக்கில் வைத்தால் அடங்கிவிடும். இழுப்பறை உருண்டால் அங்கேயும் அதே மடித்த காகிதம். கழிவறை வெற்றிடத்தில் உறிஞ்சும் வகை, 'பளார்' என்று சத்தம் வரும். மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள், கூட இருப்பவர் எழமாட்டார். காதில் வைக்கும் பஞ்சு ஒரு ஜோடி ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

ஏறியதும் ஐந்து நிமிடம் டிவி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக் கேளுங்கள். ஏதோ மெஷின் உறுமல் விடாமல் வந்தால் அப்போதே கெஸ்ட் சர்வீஸ் மேஜைக்குப் போய்ப் பொறுமையாகச் சொல்லுங்கள். வராத பயணிகளின் அறை ஒன்றிரண்டு இருந்தால், கப்பல் கிளம்பிய பிறகுதான் ஊழியர்களுக்கே தெரியும். முதல் நாள் சாயங்காலம் கேட்டவர் பெயர், மாற்று அறை கேட்டவர்கள் பட்டியலில் முன்னால் இருக்கும். மாற்று அறை தருகிறோம் என்றால் உடனே சரி என்று சொல்லிவிடாமல், எண்ணைக் கேட்டு வாங்கி, கையோடு கொண்டுபோன அந்த மூன்று தாளில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.